ரூ.16 லட்சம் செலவு செய்து வீட்டைப் புதுப்பித்தார். “இடிக்கத்தான் போறோம்” என்றார் வாங்க வந்தவர்!

சென்னை கொளத்தூரில் ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு வீடு. அரை கிரவுண்டு மனை. அதாவது 1,200 சதுர அடி. தரைத் தளத்தில் 800 சதுர அடிக் கட்டடம். 1988-ல் கட்டியது.

வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. இரண்டு மகன்கள். ஒரு மகள். மூவருக்கும் கல்யாணம் ஆகி, தனித்தனியே இருக்கிறார்கள்.

“நான் கண்ணை மூடறதுக்குள்ள வீட்டை வித்து ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் கொடுத்துடணும். அப்புறம் அண்ணன் தம்பி கோர்ட்டுக்கு அலையக் கூடாது.”

இது பெரியவரின் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு நடுவில் ஒருவர் புகுந்தார். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் தரகர்.

“இப்படியே வித்தா மண்ணு விலைதான் சார் வரும். கொஞ்சம் செலவு பண்ணி வீட்டைப் பளபளன்னு ஆக்குங்க. போட்ட காசு டபுளா திரும்பி வரும். நான் கேரண்டி!” என்றார் தரகர்.

தரகர் வாயால் சொன்ன கேரண்டி. எழுத்தில் ஒன்றும் இல்லை!

பெரியவர் நம்பினார். பாங்கியில் போட்டு வைத்திருந்த ரூ.12 லட்சத்தை எடுத்தார். போதவில்லை. மூத்த மகனிடம் ரூ.4 லட்சம் கடன் வாங்கினார். 2023 கடைசியில் வேலை ஆரம்பம். கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் என்று ஆறு மாதம் வீடு அமளிப்பட்டது.

மொட்டை மாடியில் 400 சதுர அடிக்கு ஒரு அறை எழுப்பினார். அதற்கு ரூ.7 லட்சம். மாடுலர் கிச்சன் ரூ.2½ லட்சம். நல்ல மொசைக் தரை. அதைப் பெயர்த்து விட்டு டைல்ஸ் போட்டார். பாத்ரூமையும் சேர்த்து ரூ.2 லட்சம். கூடத்துக்கு பால்ஸ் சீலிங் ரூ.1¼ லட்சம். வாசலுக்குத் தேக்குக் கதவு ரூ.90 ஆயிரம். முகப்பு அலங்காரம், பெயிண்ட் ரூ.2 லட்சத்து 35 ஆயிரம்.

கூட்டிப் பார்த்தால் ரூ.16 லட்சம்.

கணக்குப் பிசகாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார் மனிதர். கிளார்க் அல்லவா!

2025-ல் வீடு விலைக்கு வந்தது. கேட்ட விலை ரூ.1 கோடியே 25 லட்சம்.

வாசலோடு நின்றார்

முதலில் வந்தவர் ஒரு பில்டர். இளைஞர். காரை விட்டு இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். கையோடு கொண்டு வந்த டேப்பை எடுத்துத் தெருவின் அகலத்தை அளந்தார். மனையின் முன்பக்கம் எத்தனை அடி என்று அளந்தார்.

வீட்டம்மா காபியோடு வெளியே வந்தார்.

“உள்ள வாங்க தம்பி. கிச்சன் புதுசா போட்டிருக்கோம். பாருங்க.”

“வேணாம்மா. பார்த்து என்ன பண்ண? இடிக்கத்தான் போறோம்!”

காபியை மட்டும் குடித்து விட்டு விலை சொன்னார். மனைக்குச் சதுர அடி ரூ.8 ஆயிரம். 1,200 சதுர அடிக்கு ரூ.96 லட்சம். கட்டடத்துக்கு ஒரு பைசா கிடையாது. “இடிக்கிற கூலியை நான்தான் கொடுக்கணும் சார்” என்று வேறு சொன்னார்.

பெரியவருக்கு முகம் கறுத்து விட்டது.

பில்டர் சொன்னது அடாவடி இல்லை. அவர் தொழில் அப்படி. 2019-ல் வந்த புதிய கட்டட விதிகளின்படி சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல 2 மடங்கு வரை தளப் பரப்பு கட்டலாம். அதற்கு முன் 1½ மடங்குதான். சுற்றிலும் விட வேண்டிய காலி இடம், தெருவின் அகலம் எல்லாவற்றுக்கும் உட்பட்டு, 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை எழும்பலாம் என்று பில்டர் மனக்கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் 37 வயதுப் பழைய வீடு ஒரு சுமை. அதில் டைல்ஸ் இருந்தால் என்ன, தங்கமே பதித்திருந்தால் என்ன?

தட்டிப் பார்த்தார் என்ஜினீயர்

அடுத்து வந்தது ஒரு இளம் தம்பதி. இருவரும் கம்பெனியில் வேலை. குடியிருக்க வீடு தேடுபவர்கள். அந்தப் பெண்ணுக்கு கிச்சன் பிடித்து விட்டது. மாடி அறை பிடித்து விட்டது. பேரம் பேசவே இல்லை. “லோன் மட்டும் ஓகே ஆகட்டும் அங்கிள்” என்றார்கள்.

பெரியவர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

பத்து நாள் கழித்து வந்தார் பாங்கி அனுப்பிய மதிப்பீட்டு என்ஜினீயர். கையில் ஒரு பைல். பேச்சு அதிகம் இல்லை. கூடத்தில் நின்று மேலே பார்த்தார்.

“பால்ஸ் சீலிங் எதுக்குப் போட்டீங்க?”

“அழகுக்குத்தான் சார்.”

“மேல தளம் எப்படி இருக்குன்னு தெரியலையே. ஒரு இடத்துல கழட்டிக் காட்டுங்க.”

கழற்றினார்கள். மேலே சிமெண்ட் பூச்சு உரிந்து, கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. மழைத் தண்ணீர் பல வருடமாக இறங்கியதன் அடையாளம். பெரியவருக்கே அது தெரியாது. ரூ.1¼ லட்சம் கொடுத்து மூடி வைத்த ஓட்டை, நோய் மறைத்த ஜாதகம் போல ஆகிவிட்டது!

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் என்ஜினீயர். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை ஓதம். புதுப் பெயிண்ட்டுக்குள் குமிழ் குமிழாக எழும்பியிருந்தது. “புதுசா பெயிண்ட் அடிச்ச வீடுன்னா நாங்க ரெண்டு தடவை பார்ப்போம்” என்றார்.

பிறகு மாடிக்கு ஏறினார். ஏறியதும் ஒரே கேள்வி.

“இந்த ரூமுக்கு பிளான் எங்க?”

பிளான் இல்லை. மாநகராட்சி அனுமதி வாங்கவில்லை. கொத்தனார், “இதுக்கெல்லாம் எதுக்கு சார் பிளான்? தெருவுல எல்லாரும் கட்டியிருக்காங்க” என்று சொல்லியிருந்தார்.

“சொத்து வரி கட்டறேனே சார்!” என்றார் பெரியவர்.

வரி வேறு, அனுமதி வேறு. கட்டடம் இருந்தால் வரி போடுவார்கள். வரி ரசீது இருப்பதால் அனுமதி இல்லாத கட்டடம் அனுமதி பெற்றதாகி விடாது. இதைத் தெரியாதவர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

2007 ஜூலை 1-ந் தேதிக்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறை செய்து கொள்ள 2017-ல் அரசு ஒரு வழி திறந்தது உண்மை. ஆனால் 2023-ல் எழுப்பிய அறைக்கு அந்த வாசல் கிடையாது.

பாங்கி போட்ட கணக்கு

என்ஜினீயர் எழுதிய மதிப்பு இதுதான். மனை ரூ.96 லட்சம். இதில் பில்டருக்கும் அவருக்கும் வித்தியாசமே இல்லை. தரைத் தளம் 800 சதுர அடியை இன்று புதிதாகக் கட்ட, அதே சாதாரணத் தரத்தில், சதுர அடிக்கு ரூ.2 ஆயிரம் வீதம் ரூ.16 லட்சம். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருட ஆயுள் என்று வைத்து, 37 வருடத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது சுமார் ரூ.7 லட்சம். மாடி அறைக்குப் பூஜ்யம். கிச்சனுக்கும் கதவுக்கும் தனியாக எதுவும் இல்லை.

மொத்தம் ரூ.1 கோடியே 3 லட்சம்!

இங்கேதான் தம்பதிக்குச் சிக்கல். ரூ.75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. பேசிய விலை, மதிப்பிட்ட விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் பாங்கி எடுத்துக் கொள்ளும். ரூ.1 கோடியே 3 லட்சத்தில் 75 சதவீதம் ரூ.77 லட்சம் சொச்சம்.

கேட்ட விலை ரூ.1 கோடியே 25 லட்சம். மீதி ரூ.48 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். அதோடு முடிந்ததா? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது ஒரு ரூ.11¼ லட்சம். ஆக ரொக்கமாக ரூ.59 லட்சம் வேண்டும். மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்?

அதற்கும் மேல் ஒரு இடி. அனுமதி இல்லாத பகுதி இருப்பதால், கடன் தருவதா வேண்டாமா என்றே பாங்கி யோசிக்க ஆரம்பித்தது. மாடி அறையை இடித்து விட்டு வந்தால் பார்க்கலாம் என்ற நிலை.

ரூ.7 லட்சம் போட்டுக் கட்டிய அறை. அது விலையைக் கூட்டவில்லை. வாங்க வந்தவர்களையும் துரத்தி விட்டது.

தம்பதி மன்னிப்புக் கேட்டு விட்டுப் போய் விட்டார்கள்.

அண்ணாச்சி தூக்கிய வீடு

அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியின் வீடு. அதுவும் பழைய வீடுதான். அதன் கதை வேறு.

சென்னையில் ஒரு வினோதம் உண்டு. ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றி வந்தார்கள். பத்து, இருபது வருடத்தில் ரோடு உயர்ந்து, வீடு பள்ளத்தில் இறங்கி விட்டது. வாசற்படி ஏறிப் போன காலம் போய், படி இறங்கி வீட்டுக்குள் போகிற காலம் வந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி விட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. அதற்குள் இறங்கிய வீடுகள் இறங்கியவைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அண்ணாச்சி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டை, பீரோ, பத்திரம் எல்லாம் நனைந்தது. அடுத்த வருடமே ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டைத் தூக்குவது!

இது கதை அல்ல. வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பல தெருக்களில் நடந்த வேலை. சுவரின் அடிப்பாகத்தைப் பகுதி பகுதியாக அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைக் கொடுத்து, வட மாநிலத் தொழிலாளிகள் ஒரே சமயத்தில் திருகுவார்கள். வீடு அங்குலம் அங்குலமாக எழும்பும். பிறகு கீழே செங்கல் வைத்து, கான்கிரீட் போட்டு அடைத்து விடுவார்கள். தரையைப் புதிதாகப் போட வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் இது நடக்காது. கட்டட வலிமை தெரிந்த என்ஜினீயர் பார்க்காமல் இறங்கினால் சுவர் பிளந்து விடும் ஆபத்தும் உண்டு.

அண்ணாச்சி மூன்றடி தூக்கினார். “வீட்டைத் தூக்கறாராம்! காசு கொழுத்துப் போச்சு” என்று தெருவே சிரித்தது.

2021 நவம்பர் மழையில் கொளத்தூர் மறுபடியும் மிதந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். அண்ணாச்சி வீட்டு வாசற்படியில் பூனை உட்கார்ந்திருந்தது!

அவர் 2024-ல் விற்றார். கிச்சனில் பழைய கடப்பைக் கல்தான். வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “2015-ல தண்ணி எவ்வளவு வந்துச்சு? 2021-ல?” அண்ணாச்சிக்குச் சொல்லப் பதில் இருந்தது. மொட்டை மாடித் தளத்தில் தட்டோடு புதிதாகப் பதித்திருந்தார். கழிவு நீர்க் குழாய் இணைப்பு இருந்தது. சம்ப்பும் போரும் இருந்தன. எலக்ட்ரிக் வயர் முழுக்க மாற்றி, மூன்று பேஸ் இணைப்பு வாங்கியிருந்தார். வீடு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கும் பிளான் இருந்தது. பட்டா அவர் பெயரில்.

பதினைந்தே நாளில் கிரயம் முடிந்தது. அவர் கேட்ட விலையில் ஒரு லட்சம்தான் குறைத்தார்.

“கிச்சனைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்த பார்ட்டியை நான் பார்த்ததில்லைங்க. பட்டாவையும் பாத்ரூம் குழாயையும் பார்த்துட்டுத்தான் பையைத் திறப்பாங்க” என்கிறார் வில்லிவாக்கத்தில் முப்பது வருடம் தரகு பார்த்த ஒருவர். “கலர் அவங்கவங்க இஷ்டம் சார். நீங்க ரோஸ் கலர் அடிச்சிருப்பீங்க. வர்றவருக்கு ரோஸ் பிடிக்காது. அடுத்த வாரமே சுரண்டுவாரு.”

ஒன்று மட்டும் தரகர்கள் எல்லோரும் ஒத்துக் கொள்கிறார்கள். கார் நிறுத்த இடம் இருந்தால் விலை நிற்கும். திண்ணையை இடித்துக் கார் இடம் செய்தவர்கள் கெட்டுப் போகவில்லை. கார் இடத்தை மூடி அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள், விற்கும்போது முழிக்கிறார்கள். வாஸ்து விவகாரம் தனி. அதற்காகப் படிக்கட்டை இடித்து மாற்றிக் கட்டியவர் ஒருவர். வாங்க வந்தவரின் வாஸ்துக்காரர் அதையே குற்றம் என்று சொல்லி விட்டார்!

பிளாட்டுக்காரர் கதி

அடுக்குமாடி பிளாட் என்றால் கணக்கு இன்னும் கறார். பிளாட்டுக்காரருக்கு மண்ணில் உள்ளது பிரிக்கப்படாத பாகம் மட்டுமே. பழைய பிளாட்டுக்கு விலை பேசும்போது, “யு.டி.எஸ். எவ்வளவு?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆயிரம் சதுர அடி பிளாட்டில் 600 சதுர அடி பாகம் உள்ளவருக்கும் 350 உள்ளவருக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. உள்ளே எத்தனை அலங்காரம் செய்தாலும் அந்த இடைவெளி அடையாது.

கூடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நடுச்சுவரை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பிளாட்டுகள் பலவற்றில் அந்தச் சுவர்தான் மேல் வீட்டைத் தாங்குகிறது. அது தெரிந்தால் பாங்கி என்ஜினீயர் பைலை மூடி விடுவார். மேல் வீட்டுக்காரர் போலீசுக்குப் போவார்.

முப்பது, நாற்பது வருடக் கட்டடம் என்றால் இன்னொரு விஷயம். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அப்படிப்பட்ட கட்டடத்தில் போன மாதம் போட்ட இத்தாலி மார்பிள், அடுத்த வருடம் லாரியில் ஏறும்.

துண்டுச் சீட்டு

பெரியவர் ஆடிட்டரிடம் போனார். வீட்டை விற்று வரும் லாபத்துக்கு வருமான வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல் விலைவாசிக் கழிவு இல்லாமல் 12½ சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனையாக இருந்து, விற்பவர் இங்கே வசிக்கும் தனி நபராக இருந்தால், பழையபடி விலைவாசிக் கழிவோடு 20 சதவீதக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.

புதிதாகச் செய்த நிரந்தரமான அபிவிருத்திச் செலவை லாபத்தில் கழித்துக் கொள்ளலாம். வெள்ளையடித்தது, ஒட்டுப் போட்டதெல்லாம் கழியாது.

“பில் எங்க சார்?” என்றார் ஆடிட்டர்.

பெரியவர் நோட்டை நீட்டினார். கொத்தனார் பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டுகளையும் நீட்டினார். “மேஸ்திரி வாங்கியது 40,000.” தேதி இல்லை. கையெழுத்து இல்லை. ஆடிட்டர் சிரித்து விட்டார்.

நாலு பங்கு

கடைசியில் அதே பில்டரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை பேசி, ரூ.98 லட்சத்துக்கு முடிந்தது. புதுப்பிக்காமல் விற்றிருந்தாலும் அந்த விலைதான் வந்திருக்கும். ரூ.16 லட்சமும் கையில் இருந்திருக்கும்.

மூத்த மகனின் கடன் ரூ.4 லட்சத்தை முதலில் கழிக்க வேண்டும் என்றார் பெரியவர். இளைய மகன் முறைத்தார். “அந்தக் காசு கிச்சனாப் போச்சு, கதவாப் போச்சு. என் பங்குல ஏன் கழிக்கணும்?” இரண்டு வாரம் பேச்சு இல்லை. எந்தச் சண்டை வரக் கூடாது என்று பெரியவர் பயந்தாரோ அதே சண்டை. மகள்தான் நடுவில் நின்று பேசி முடித்தார். ரூ.94 லட்சம் நாலு பங்கு. ஆளுக்கு ரூ.23½ லட்சம். நாலாவது பங்கு பெற்றோருக்கு. வரி போக மீதியைப் பாங்கியில் போட்டு விட்டு, அம்பத்தூரில் மகள் வீட்டுப் பக்கத்திலேயே வாடகைக்குப் போய் விட்டார்கள்.

வீட்டம்மாவுக்கு மட்டும் வருத்தம் இல்லை. “கல்யாணம் ஆனதிலிருந்து புகையிலயும் இருட்டுலயும்தான் சமைச்சேன். ஒரு வருஷமாவது நிமிர்ந்து நின்னு சமைச்சேனே. அது போதும்” என்கிறார்.

சாவி கொடுப்பதற்கு முன், மாடுலர் கிச்சனைக் கழற்றிப் பழைய சாமான் கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். ரூ.2½ லட்சம் கிச்சன் ரூ.11 ஆயிரத்துக்குப் போனது. டைல்ஸைப் பெயர்க்க முடியவில்லை.

தேக்குக் கதவை மட்டும் பெரியவர் விற்கவில்லை. வாடகை வீட்டு நிலைக்கு அது பொருந்தவில்லை. மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே துணி சுற்றிச் சாய்த்து வைத்திருக்கிறார்.